"ஸ்காலர்ஷிப் தருகிறோம்" என்று கோச் சொன்னால்: பெண்கள் சாக்கர் அணியின் ஆள்கள், பணம், படிப்பு

கேள்வியைச் சுருக்கமாக முதலில் வைக்கிறேன். வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் இந்த ஜூனில் பத்தாம் வகுப்பு முடித்தாள். கிளப் அணியில் சாக்கர், அதாவது நம் கால்பந்து, நடுக்களத்தில் ஆடுகிறாள். கோச்சுகள் நேரடியாகப் பேச அனுமதி தொடங்கும் ஜூன் 15 தாண்டியதும் நாலைந்து பல்கலைக்கழக கோச்சுகளிடமிருந்து போன் வந்துவிட்டது. எல்லோரும் ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு அணியில் யார் யார் வேலை பார்க்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, படிப்பு என்ன ஆகும், இதையெல்லாம் வெளியில் இருக்கும் பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது?

நான் பத்து வருடங்களுக்கு மேல் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்கான படிப்பு ஆலோசகராக வேலை பார்த்தவன். சாக்கர் பெண்கள் என் பொறுப்பில்தான் இருந்தார்கள். நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது ஒரே கேள்விதான். பணம் எந்த வழியில் வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் அணிக்கு ஆள்கள் அமைகிறார்கள். அந்த ஆள்களைப் பொறுத்துத்தான் உங்கள் மகள் எந்தப் பாடம் படித்து வெளியே வருவாள் என்பது அமைகிறது. அதனால் மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சாப்பல் ஹில்லையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பெண்கள் சாக்கர் அணியைப் போல நீண்ட, வெளிப்படையான வரலாறு உள்ள அணி வேறு இல்லை. நல்லது கெட்டது இரண்டும் பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது.

தொடக்கம் சட்டத்தில் இருக்கிறது. 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு, எல்லோரும் சொல்லும் டைட்டில் நைன். மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் பெண்கள் விளையாட்டை அது தலைகீழாக மாற்றியது. ஏன் என்று கேட்டால், அமெரிக்கன் ஃபுட்பால் (கையில் பந்தைப் பிடித்து மோதி ஆடும் வேறு ஆட்டம்; இனி ஃபுட்பால் என்றால் இதுதான்) அணி ஒன்றுக்கே நூறு ஆண்களுக்கு மேல் தேவை. அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் வாய்ப்பு காட்ட வேண்டும். சாக்கர் அதற்கு வசதியான ஆட்டம்: ஒரே அணியில் இருபத்தைந்து முப்பது பெண்களைச் சேர்க்கலாம், ஒரு மைதானம் போதும், உபகரணச் செலவும் குறைவு. கல்லூரி விளையாட்டின் உச்ச அடுக்கான முதல் பிரிவில் இன்று பெண்கள் சாக்கர் அணிகள் 330-க்கும் மேல். ஆண்கள் அணிகள் சுமார் 200தான். உங்கள் மகளுக்கு இத்தனை கதவுகள் திறந்திருப்பதற்குக் காரணம் அந்தச் சட்டமும், மறைமுகமாக ஃபுட்பாலும்.

சாப்பல் ஹில்லில் 1979-இல் பெண்கள் கிளப் அணியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். முறையான பல்கலைக்கழக அணியாக்கும் அளவுக்கு இவர்கள் ஆடுகிறார்களா என்று பார்த்துச் சொல்லும்படி, அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர் பில் கோபி ஆண்கள் அணியின் கோச் ஆன்சன் டோரன்ஸிடம் கேட்டார். டோரன்ஸ் பார்த்துவிட்டு ஆம் என்றார். அப்புறம் அவரே அதற்கும் கோச் ஆனார். 1988 வரை இரண்டு அணிகளையும் ஒருவரே பார்த்துக்கொண்டார் என்பதிலிருந்தே அந்தக் காலத்தில் பெண்கள் அணிக்கு எவ்வளவு ஆள்பலம் ஒதுக்கினார்கள் என்று புரியும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ பெண்களுக்கு சாக்கர் சாம்பியன்ஷிப் தொடங்கிய ஆண்டு 1982. அன்று முதல் 2024 வரை இந்த ஒரு பல்கலைக்கழகம் 22 முறை அதை வென்றிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தொடர்ச்சியாக 92 ஆட்டங்களில் வெற்றி. மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி போன்ற அமெரிக்கத் தேசிய அணி நட்சத்திரங்கள் இங்கிருந்து வந்தவர்கள்தான்.

சரி, இன்று ஒரு அணிக்குள் நுழைந்தால் யார் யார் இருப்பார்கள்? தலைமை கோச், இரண்டு மூன்று உதவி கோச்சுகள். உதவியாளர்களில் ஒருவர் கோல்கீப்பர்களைப் பார்ப்பார், ஒருவர் பெரும்பாலும் ஆள் சேர்ப்பில் ஊர் ஊராக அலைவார். உங்களுக்கு போன் செய்தவர் அநேகமாக இவர்தான். பயண ஏற்பாடு, ஹோட்டல், சாப்பாடு, அட்டவணை எல்லாம் பார்க்கும் ஆபரேஷன்ஸ் டைரக்டர் ஒருவர். இவர்கள் அணிக்கே உரியவர்கள். இதற்கு அப்பால் காயத்தைப் பார்க்கும் அத்லெடிக் டிரெய்னர், உடற்பயிற்சி கோச், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர், விதிமுறை அலுவலர், படிப்பு ஆலோசகர். இவர்கள் விளையாட்டுத் துறைக்குப் பொதுவானவர்கள். வசதியுள்ள இடத்தில் ஒரு டிரெய்னர் சாக்கருக்கு மட்டும் இருப்பார். வசதி குறைந்த இடத்தில் அவரே சாக்கருக்கும் இன்னும் இரண்டு விளையாட்டுகளுக்கும் ஓடுவார்.

பெற்றோர் எல்லோரும் தலைமை கோச்சைப் பற்றியே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது டிரெய்னரைப் பற்றி. முட்டியின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது, ஏசிஎல் என்று சொல்வார்களே, அது பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. என் காலத்தில் அந்தக் காயம் இல்லாமல் ஒரு வருடம்கூடப் போனதில்லை. அறுவை சிகிச்சை, ஒன்பது மாதமோ ஒரு வருடமோ மீட்பு. அந்த நாள்களில் பெண் தினமும் பார்க்கும் முகம் கோச்சுடையது இல்லை, டிரெய்னருடையது. ஆடலாமா கூடாதா என்ற முடிவு மருத்துவக் குழுவுடையது, கோச் அதில் தலையிடக் கூடாது என்று பெரிய கான்ஃபரன்ஸ்களில், அதாவது பல்கலைக்கழகங்களின் விளையாட்டுக் கூட்டணிகளில், விதியே உண்டு. நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்று காயம்பட்டு மீண்ட ஒரு வீராங்கனையிடம் தனியாகக் கேளுங்கள். இன்னொரு விஷயம்: 2024 ஆகஸ்ட் முதல், விளையாட்டில் ஏற்பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவை, அணியை விட்டுப் போன பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

உதவி கோச் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 வரை பல அணிகளில் 'தன்னார்வ கோச்' என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் செய்யும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது. என்சிஏஏவின் எண்ணிக்கை வரம்பு அப்படி வைத்திருந்தது. என் அலுவலகத்துக்கு அடுத்த அறையில் அப்படி ஒரு இளம்பெண் இருந்தார். பகலில் பயிற்சி கொடுப்பார், மாலையில் சிறுவர் கிளப்பில் கூலிக்கு வேலை செய்வார், இரவில் வீடியோ வெட்டுவார். இரண்டு சீசன் தாக்குப்பிடித்துவிட்டு இந்தத் தொழிலே வேண்டாம் என்று போய்விட்டார். 2023 ஜூலையில் அந்தப் பிரிவை ஒழித்தார்கள், நல்லதாயிற்று. பெண்கள் கோச்சிங்குக்கு வராமல் போவதற்கு இப்படிப்பட்ட படிக்கட்டுகளும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். டைட்டில் நைன் வந்த சமயத்தில் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே கோச்சாக இருந்தார்கள். சம்பளமும் மதிப்பும் கூடக் கூட ஆண்கள் வந்தார்கள். இன்று பாதிக்கும் குறைவான பெண்கள் அணிகளுக்குத்தான் பெண் தலைமை கோச்.

தலைமை கோச் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் ஒருவரை நம்பி மகளை அனுப்பாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், டோரன்ஸையே பாருங்கள். 45 சீசன்கள். 2024 ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்குச் சில நாள்களே இருக்கும்போது ஓய்வு அறிவித்தார். அவருக்காகவே அந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்த பெண்கள் இருந்திருப்பார்கள். அதே அணி அதே டிசம்பரில், உங்கள் கேரி நகர மைதானத்திலேயே, வேக் ஃபாரஸ்ட்டை 1–0 என்று வென்று பட்டம் வாங்கியது. இடைக்கால கோச்சாக நின்றவர் டேமன் நஹாஸ். பல வருடம் அங்கேயே உதவி கோச்சாக இருந்தவர். அடுத்த வரிசையில் ஆள் தயாராக இருந்ததால்தான் அது நடந்தது. பில் பல்லடினோ என்ற உதவி கோச்சும் முன்பு பல பத்தாண்டுகள் டோரன்ஸுடன் இருந்தார். உதவி கோச்சுகள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு வருடமும் முகம் மாறுகிற இடத்தில் ஏதோ சரியில்லை.

பெண்ணைப் பெற்றவர் கேட்கிறீர்கள், அதனால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1998-இல் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் டோரன்ஸ் மேல் பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்தார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஒன்று 2004-இலும் மற்றொன்று 2008-இலும் சமரசத்தில் முடிந்தன. ஒருவர் ஆறு வருடம், மற்றவர் ஏறக்குறைய பத்து வருடம் நீதிமன்றம் நடந்தார்கள். யார் சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆடும் நேரம், உதவித்தொகை, தேசிய அணிக்கான சிபாரிசு எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கும் இடத்தில், ஒரு பெண்ணுக்குப் பிரச்சினை வந்தால் கோச்சைத் தாண்டி யாரிடம் போவாள் என்பதற்குப் பெயரும் அறை எண்ணும் சொல்லக்கூடிய பதில் இருக்க வேண்டும். வீராங்கனைகளிடம் கேட்டால் யோசிக்காமல் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

இனி பணம். பெண்கள் சாக்கர் டிக்கெட் விற்றுத் தன் செலவைத் தானே ஈடுகட்டும் அணி அநேகமாக எங்கும் இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் பணம் ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து ஆகியவற்றின் தொலைக்காட்சி உரிமையிலிருந்து வருகிறது. சாப்பல் ஹில் இருக்கும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், முழுப் பங்கு பெறும் உறுப்பினர்களுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல் பகிர்ந்துகொடுக்கிறது. அத்துடன் நன்கொடை, அங்கே ராம்ஸ் கிளப் என்ற அமைப்புதான் வீரர்களின் உதவித்தொகைக்கு நிதி திரட்டுகிறது. சிறிய பல்கலைக்கழகங்களில் தொலைக்காட்சிப் பணம் கிடையாது. மற்ற மாணவர்கள் கட்டும் விளையாட்டுக் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியும்தான்.

அதாவது உங்கள் மகளின் உதவித்தொகை வேறொரு விளையாட்டின் வரவை நம்பி நிற்கிறது. அந்த விளையாட்டுக்குத் திடீரென்று செலவு கூடினால் என்ன ஆகும் என்பதுதான் இப்போதைய கவலை. 2024 டிசம்பரில் சாப்பல் ஹில் ஃபுட்பாலுக்கு, தொழில்முறை லீக்கில் புகழ்பெற்ற கோச்சான பில் பெலிசிக்கை ஆண்டுக்கு 1 கோடி டாலர் சம்பளத்தில் கொண்டுவந்தார்கள். சாக்கர் பெண்கள் பட்டம் வென்ற அதே வாரம் அது.

இதைவிடப் பெரிய மாற்றம் 2025 ஜூன் 6 அன்று வந்தது. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மேல் தொடுத்த, ஹவுஸ் வழக்கு என்று சொல்லப்படும் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதன்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025–26 ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்ச வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பல இடங்களில் பின்பற்றப்படும் கணக்கு, இதில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கு, 15 சதவீதம் ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 சதவீதம் பெண்கள் கூடைப்பந்துக்கு, மிச்சம் 5 சதவீதம் மற்ற எல்லா விளையாட்டுக்கும். சாக்கர் அந்தக் கடைசி ஐந்துக்குள் இருக்கிறது. அதே சமரசத்தில் பழைய வீரர்களுக்குத் தரும் இழப்பீட்டையும் இப்படிப் பிரிப்பது டைட்டில் நைனுக்கு விரோதம் என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

உங்களுக்கு நேரடியாகப் படும் பகுதி இனிதான். முன்பு முதல் பிரிவுப் பெண்கள் சாக்கர் அணிக்கு மொத்தம் 14 முழு உதவித்தொகை என்று வரம்பு. அதைப் பிரித்துக் கொடுக்கலாம். இருபத்தெட்டு பேருக்குப் பாதிப் பாதி, அல்லது கோல்கீப்பருக்கு முழுசாகவும் புதிதாக வருபவளுக்குப் புத்தகச் செலவு மட்டுமாகவும், எப்படியும் பிரிக்கலாம். 'ஸ்காலர்ஷிப்' என்ற ஒரே சொல்லுக்குள் 100 சதவீதமும் இருக்கும், 10 சதவீதமும் இருக்கும். அதனால் கோச் அந்தச் சொல்லைச் சொன்னால் எத்தனை சதவீதம், எந்தச் செலவுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நம் ஆள்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஹவுஸ் சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் இப்போது 14 என்ற வரம்பு இல்லை. பதிலாக அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 28 பேருக்கும் முழு உதவித்தொகைகூடக் கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு 32, 33 பேரை வைத்திருந்த அணிகளில் கடைசி நாலைந்து இடங்கள் போய்விட்டன. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்து, இரண்டு வருடம் காத்திருந்து, மூன்றாம் வருடம் ஆட்டத்தில் இறங்கும் பெண்கள் அந்த இடங்களிலிருந்துதான் வருவார்கள். என் பொறுப்பில் இருந்தவர்களில் மிக நன்றாகப் படித்தவர்களும் அவர்களே. அந்த வழி அடைபட்டது எனக்கு வருத்தம். தவிர, புதிதாகக் கூட்டும் உதவித்தொகையில் எல்லா விளையாட்டும் சேர்த்து 25 லட்சம் டாலர் வரை அந்த 2.05 கோடிக்குள்ளேயே கணக்காகும். ஆகவே அனுமதி இருக்கிறது என்பதற்காக 28 பேருக்கும் முழுசாகக் கொடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

இதில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. சாப்பல் ஹில்லில் வட கரோலினாவாசிக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 9,000 டாலர்; வெளிமாநிலத்தவருக்கு 40,000 டாலரைத் தாண்டும். 14 என்ற எண்ணிக்கை வரம்பாக இருந்தபோது இருவரும் கோச்சுக்கு ஒன்றுதான். வரம்பு டாலர் கணக்குக்கு மாறும்போது உள்ளூர்ப் பெண் பாதிச் செலவுக்கும் குறைவு. மாநிலப் பல்கலைக்கழக கோச்சுகள் இனி உள்ளூர் ஆட்டக்காரர்களைக் கூடுதல் ஆர்வத்தோடு பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் விசா நிலையைக் கவனியுங்கள். மகள் எச்-4 விசாவில் (பெற்றோரின் எச்-1பி வேலை விசாவை ஒட்டிக் குடும்பத்தினருக்குத் தருவது) இருந்தால் விளையாட்டு உதவித்தொகை வாங்கத் தடையில்லை. மத்திய அரசின் கல்வி உதவி கிடைக்காது. உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெயர், உருவம் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கும் உரிமை 2021 ஜூலை முதல் மாணவர்களுக்கு உண்டு. ஆனால் எச்-4இல் வேலை அனுமதி இல்லாததால் அந்தப் பணத்தைத் தொட்டால் விசாவுக்கே ஆபத்து. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஐவி லீக்கில் குடும்ப வருமானத்தை வைத்துத் தரும் உதவி மட்டும்தான்; மூன்றாம் பிரிவில் அதோடு படிப்புத் திறமைக்கான உதவியும் உண்டு. சில குடும்பங்களுக்கு அது இரண்டாம் பிரிவின் பகுதி ஸ்காலர்ஷிப்பைவிட அதிகமாக வருவதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அணியின் வரவு செலவை நீங்களே பார்க்கலாம். 1994-இல் வந்த ஒரு சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபர் 15-க்குள் விளையாட்டுக் கணக்கை வெளியிட வேண்டும். மத்திய கல்வித் துறையின் இணையதளத்தில் யாரும் எடுக்கலாம். அதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சாக்கருக்கு வரவும் செலவும் அச்சாக ஒரே எண்ணாக இருந்தால், அணி சம்பாதிக்கிறது என்று அர்த்தம் இல்லை. பற்றாக்குறையை நிரப்பப் பல்கலைக்கழகம் போட்ட பணத்தையும் வரவில் எழுதியிருக்கிறார்கள். 'இயக்கச் செலவு' என்ற வரியும் ஆட்ட நாள் செலவு மட்டும்: பயணம், தங்கல், சாப்பாடு, சீருடை, நடுவர் கூலி. அதைத் தலைக்கு எவ்வளவு என்று வகுத்து, அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் சாக்கரோடு ஒப்பிடுங்கள். நான் பார்த்த வரையில், ஒரு நிர்வாகம் பெண்கள் அணியை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை இந்த ஒரு ஒப்பீடு சொல்லிவிடும்.

பயணச் செலவு படிப்பையும் தின்னும். 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கின்றன, பசிபிக் கரையில் இருந்துகொண்டே. ஃபுட்பால் தொலைக்காட்சிப் பணத்துக்காக நடந்த இடமாற்றம் இது. அதன் பலனாக சாக்கர் பெண்கள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பறக்கிறார்கள், மூன்று மணி நேர வித்தியாசத்தில் திரும்பி வந்து காலை வகுப்பில் உட்காருகிறார்கள். சாக்கர் சீசன் இலையுதிர் பருவத்தில், ஆகஸ்ட் நடுவிலிருந்து நவம்பர் வரை. வாரத்தில் வியாழனும் ஞாயிறும் ஆட்டம் என்பது வழக்கமான ஏற்பாடு. வெளியூர் என்றால் புதன்கிழமையே கிளம்ப வேண்டியிருக்கும்.

விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம்தான் பயிற்சி. ஒரு நாள் விடுமுறை. சீசன் இல்லாத நாள்களில் 8 மணி நேரம். தாளில் இப்படி இருக்கும். ஆனால் பஸ்ஸிலும் விமானத்திலும் போகும் நேரம் அதில் சேராது, கணுக்காலுக்கு ஐஸ் கட்டி உட்காரும் நேரம் சேராது. ஆட்ட நாள் முழுவதும் சேர்ந்து மூன்று மணி நேரமாகத்தான் கணக்காகும். உண்மையில் ஒரு சாக்கர் பெண் சீசனில் முப்பத்தைந்து நாற்பது மணி நேரம் அணிக்குக் கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சேர்வதற்கே ஒரு தகுதி உண்டு: உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள், அவற்றில் மதிப்பெண் சராசரி 4-க்கு 2.3. நம் பிள்ளைகள் பலருக்கு இது பிரச்சினையாக இருக்காது. ஒரு கண்ணி மட்டும் உண்டு: அந்த 16-இல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும், அவற்றில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில்.

சேர்ந்த பிறகு வரும் விதிதான் முக்கியம். இரண்டாம் வருட முடிவில் பட்டத்துக்கு வேண்டியதில் 40 சதவீதம், மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 80 முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட முடியாது. மாணவரைப் பட்டம் நோக்கி நகர்த்தத்தான் இந்த விதி வந்தது. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு உண்டு. 'எந்தப் பட்டம்' என்று முடிவான பிறகு அதற்கு உரிய பாடங்கள்தான் இந்தச் சதவீதத்தில் சேரும். மூன்றாம் வருடத்தில் உயிரியலிலிருந்து பொறியியலுக்கு மாற ஆசைப்பட்டால், படித்ததில் பாதி கணக்கில் விழாது. ஆடும் தகுதி போய்விடும். மற்ற மாணவர்கள் சுதந்திரமாகப் பாடம் மாற்றுவார்கள், இவர்களால் முடியாது.

என் பொறுப்பில் இருந்த ஒரு நடுக்கள ஆட்டக்காரியை நினைக்கிறேன். செவிலியர் படிப்புக்கு வந்தவள். மருத்துவமனைப் பயிற்சி இலையுதிர் பருவத்தில், காலை ஆறு மணியிலிருந்து. அணியின் பயிற்சியும் காலையில். கோச் நேரத்தை மாற்ற மறுத்தார். அந்தத் துறையும் மறுத்தது. அவளிடம் எதிர்த்துப் பேசும் தெம்பு இல்லை, என்னிடம் அதிகாரம் இல்லை. பொதுச் சுகாதாரம் என்ற பட்டத்துக்கு மாற்றிவிட்டோம். நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். அணியின் கல்விப் புள்ளியில் ஒரு குறையும் இல்லை. முடித்த பிறகு இரண்டு வருடம் கூடுதலாகச் செலவழித்து, சொந்தப் பணத்தில் செவிலியர் படித்தாள். அந்த இரண்டு வருடத்தில் என் பங்கும் இருக்கிறது என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.

இதனால்தான் அணி காட்டும் எண்களை மட்டும் வைத்து மயங்காதீர்கள் என்கிறேன். ஏபிஆர் என்ற புள்ளி, உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் தகுதியோடு இருக்கிறாரா, பல்கலைக்கழகத்தில் தொடர்கிறாரா என்று பருவத்துக்குப் பருவம் எண்ணுவது. ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே போனால் சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாது. பட்டம் பெறும் வீதம் பெண்கள் சாக்கரில் நாடு முழுதும் 90 சதவீதத்தைத் தாண்டும். நல்ல எண்கள்தான். ஆனால் என்ன படித்தாள் என்பதை அவை சொல்லாது.

எண்கள் எவ்வளவு மறைக்க முடியும் என்பதற்கும் சாப்பல் ஹில்லே சாட்சி. அங்கே ஆப்பிரிக்க ஆய்வுத் துறையில் 1993 முதல் 2011 வரை, ஆசிரியர் இல்லாமல், வகுப்பு இல்லாமல், ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல மதிப்பெண் கிடைக்கும் 'காகித வகுப்புகள்' நடந்தன. உள்ளூர்ப் பத்திரிகை தோண்டி எடுத்தது. 2014 அக்டோபரில் வந்த வைன்ஸ்டைன் அறிக்கை, 18 ஆண்டுகளில் 3,100 மாணவர்கள் அவற்றில் படித்ததாகவும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு மாணவர்கள் என்றும் சொன்னது. ஃபுட்பாலும் கூடைப்பந்தும்தான் அதில் முன்னால் இருந்தன, ஆனாலும் பல விளையாட்டுகளின் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை அந்த வகுப்புகளுக்கு அனுப்பியவர்களில் என்னைப் போன்ற படிப்பு ஆலோசகர்களும் உண்டு. ஆடும் தகுதியைக் காப்பாற்று என்ற அழுத்தம் எனக்கும் தெரியும், அதற்காக அதை மன்னிக்க முடியாது. 2017-இல் என்சிஏஏ பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை ஏதும் தரவில்லை. வகுப்புகள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்பது காரணம். ஏமாந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். இன்று அந்தப் பல்கலைக்கழகம் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்க வேண்டிய கேள்வியை அது கற்றுக்கொடுத்தது: படிப்பு ஆலோசகரின் மேலதிகாரி யார்? விளையாட்டுத் துறையா, கல்வித் தரப்பா? என் மேலதிகாரி விளையாட்டுத் துறையில் இருந்தார். அந்தச் செவிலியர் விஷயத்தில் நான் வாய் திறக்காததற்கு அதுவும் காரணம்.

கடினமான படிப்பும் உயர்ந்த ஆட்டமும் சேர்ந்தே நடக்கும் என்பதற்கு நவோமி கிர்மா இருக்கிறார். எத்தியோப்பியாவிலிருந்து வந்த பெற்றோரின் மகள்; ஸ்டான்ஃபோர்டில் 2019 பட்டம் வென்ற அணி. படித்தது சிம்பாலிக் சிஸ்டம்ஸ், அதாவது கணினி, தர்க்கம், மொழி, மனம் எல்லாம் கலந்த படிப்பு. 2025 ஜனவரியில் லண்டனின் செல்சி கிளப் அவரைப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது, பெண்கள் கால்பந்தில் அந்தத் தொகையைத் தாண்டிய முதல் ஆள். ஆனால் எல்லோரும் கிர்மா ஆவதில்லை. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கில் 2025-இன் குறைந்தபட்ச சம்பளம் 48,500 டாலர். அந்த இடம் கிடைப்பதே மிகச் சிலருக்கு. மற்றவர்களுக்குப் பட்டம்தான் சோறு.

அதனால் வளாகத்துக்குப் போகும்போது, மைதானத்தையும் உடைமாற்றும் அறையையும் சுற்றிக்காட்டிய பிறகு, இதைச் செய்யுங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் அணிப் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் அவள் படிக்கும் பாடம் இருக்கும். கடைசி மூன்று வருடப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். மூன்றாம், நான்காம் வருடத்தவர்களில் பத்துப் பேர் ஒரே பாடத்தில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். முதல் வருடம் உயிரியல் என்று எழுதியிருந்தவள் மூன்றாம் வருடம் என்ன எழுதியிருக்கிறாள் என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் போதும். எந்த விளம்பரப் புத்தகமும் அதைச் சொல்லாது.

மகள் எதைப் படிக்க ஆசைப்படுகிறாளோ அதன் ஆய்வக வகுப்புகள் எந்தக் கிழமை, எந்த நேரம், வசந்தப் பருவத்திலும் நடக்கிறதா என்று அந்தத் துறை அலுவலகத்திலேயே கேளுங்கள். சாக்கருக்கு வசந்தம் இலகுவான பருவம். கனமான ஆய்வகங்களை அங்கே தள்ளலாம், கோடையிலும் ஒன்றிரண்டு பாடம் முடிக்கலாம். கோடை வகுப்புக்கு உதவித்தொகை உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். அப்புறம் கோச்சிடம் ஒரே ஒரு கேள்வி: "செவ்வாய்க்கிழமை பிற்பகல் இவளுக்கு வேதியியல் ஆய்வகம். உங்கள் பயிற்சியும் அதே நேரம். என்ன செய்வீர்கள்?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பதில் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் மூன்றாம் வருட மாணவியின் முகத்தைப் பாருங்கள்.